படத்தில் விழாத அலை: பழைய மெட்ராஸ் துறைமுகப் புகைப்படங்களை எப்படிப் பார்ப்பது?

பழைய மெட்ராஸ் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும். அகலமான தெரு, தூண் வைத்த வெள்ளைக் கட்டடங்கள், பின்னால் பால் மாதிரி வெளுத்துப்போன கடல். குப்பை இல்லை, கூட்டம் இல்லை, பெரும்பாலும் ஆளே இல்லை. கீழே யாராவது ஒருத்தர் "அந்தக் காலத்துல ஊரு எவ்வளவு அமைதியா இருந்திருக்கு பாருங்க" என்று எழுதியிருப்பார். அதற்கு நாலு பேர் கைகூப்பியிருப்பார்கள்.

அந்த அமைதியை உண்டாக்கியது அன்றைய கேமரா. அன்றைய மெட்ராஸ் கடற்கரை தென்னிந்தியாவிலேயே சத்தமும் நெரிசலும் ஆபத்தும் மிகுந்த வேலைத்தளங்களில் ஒன்று. ஆனால் அந்த வேலை முழுக்க அசைவு. அசைந்தது எதுவும் அன்றைய படத்தில் விழாது. அதனால் அசையாமல் நின்ற கட்டடம் மட்டும் மிஞ்சியது. அப்படி மிஞ்சியதையே நாம் ஊரின் சரித்திரம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தப் படங்களை ரசிப்பதற்கு முன்னால், இவை எதை விட்டுவிட்டன, ஏன் விட்டன என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தறியும் நாடாவும்

எங்கள் வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சம் குறைந்த தறிக்கூடத்தில் ஓடுகிற தறியைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். தறியின் சட்டம் கூர்மையாக விழும். பாவு நூல் விழும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற நாடா மட்டும் விழாது. அதிகபட்சம் ஒரு சாம்பல் தீற்றல் தெரியும். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தர் "தறி என்பது ஒரு இரும்புச் சட்டம்" என்று எழுதினால் நாம் சிரிப்போம். துணியை நெய்வது நாடாதானே.

1850களின் மெட்ராஸ் படங்கள் அந்த மாதிரிப் படங்கள்தான். காகித நெகடிவ் முறையில் ஒரு காட்சி பதிவாக நிமிடக் கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் நடந்துபோனவர் காகிதத்தில் தடமே இல்லாமல் மறைந்துவிடுவார். நின்று பேசிவிட்டுப் போனவர் பேய் மாதிரி பாதி தெரிவார். அலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கடைசியில் மூடுபனி போல ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அன்றைய ரசாயனங்கள் நீல ஒளிக்கு மட்டும் அதிகமாகத் துடித்தன. அதனால் வானம் முழுக்க வெளுத்துப் போகும், மேகம் விழாது. மதராஸ் அரசு 1856-இல் நியமித்த புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், தன் நெகடிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அவருடைய மதுரை, தஞ்சாவூர்ப் படங்களில் நாம் வியந்து பார்க்கும் வானங்களில் சில அவர் விரலிலிருந்து வந்தவை.

துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

எது விழவில்லை என்று புரிய, மெட்ராஸ் எப்படிப்பட்ட துறை என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கம்பெனிக்காரர்கள் 1639-இல் இங்கே இடம் வாங்கியபோது கப்பல் ஒதுங்க ஒரு விரிகுடா இல்லை, ஆழமான முகத்துவாரம் இல்லை. திறந்த கடல், நேரான மணல் கரை, வரிசையாக உடைகிற அலைகள். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் கரைக்கு வரவே இல்லை. ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு கவர்னரும் மசூலா படகில் ஏறித்தான் வரவேண்டும்.

மசூலா படகை ஒரு பொறியாளனாகப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். முப்பதடி நீளம் போல, உயர்ந்த பக்கங்கள், உள்ளே விலாக்கட்டை கிடையாது, ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்திருப்பார்கள். இரும்பு அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், தண்ணீர் கசியும், ஆனால் உடையாது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் துடுப்பு போட, பின்னால் ஒருத்தர் சுக்கான் பிடித்துக்கொண்டு அலையை எண்ணுவார். எந்த அலையின் முதுகில் ஏறிக் கரைக்குப் போவது என்பதுதான் அவருடைய படிப்பு. தப்பினால் படகு குறுக்கே திரும்பி உருண்டுவிடும். விழுகிறவர்களைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே வருவார்கள். கடல் ரொம்ப மோசமானால் கரையில் கொடி ஏற்றி, யாரும் கடக்கக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். அந்தக் கொடி பறந்தால் மெட்ராஸின் வியாபாரம் நின்றது என்று அர்த்தம்.

ஆக, ஒரு பெரிய ராஜதானியின் மொத்த ஏற்றுமதி இறக்குமதியும் சில நூறு படகுக்காரர்களின் கண், கை, மூச்சு இவற்றின் மேல் நின்றது. கோட்டையும் சுங்கச்சாவடியும் வங்கிகளும் அதற்குப் பின்னால் நின்றவை.

கேமராவுக்கு முன்னால் வந்த ஓவியர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். டேனியல்கள் வரைந்த மெட்ராஸ் காட்சிகளிலும், ஜே.பி. ஈஸ்ட் வரைந்து அச்சான 'மெட்ராஸில் இறங்குதல்' படத்திலும் அலைதான் கதாநாயகன். படகு செங்குத்தாக ஏறுகிறது, ஆட்கள் வளைந்து துடுப்பு போடுகிறார்கள், வெள்ளைக்காரப் பயணிகள் பயந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் மிகை இருக்கும். ஆனாலும் இந்த ஊர் எதனால் ஓடுகிறது என்று ஓவியம் சொல்லிவிடுகிறது. ஓவியத்தைவிட நம்பகமான கருவி என்று வந்த புகைப்படம் அதைச் சொல்லவில்லை. நாம் முன்னேற்றம் என்று நினைக்கிற ஒரு கருவி, ஒரு தகவலை அழித்த கதை இது.

கருவி மேல் மட்டும் பழி போடலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "அன்றைய கருவியால் முடியவில்லை, அதற்குப் புகைப்படக்காரர் என்ன செய்வார்?"

பாதிதான் உண்மை. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 57-இலேயே அலையைப் படத்தில் பிடித்துவிட்டார். மத்தியதரைக் கடலோரம் செத் என்ற துறைமுக ஊரில் 1857-இல் அவர் எடுத்த 'பெரிய அலை' புகைப்பட வரலாற்றில் பெயர் பெற்ற படம். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெளிச்சத்தை எதிர்நோக்கி வைத்து, மிகக் குறைந்த நேரத்தில் எடுத்தார். சில கடல் படங்களில் வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டைச் சேர்த்தே அச்சிட்டார். கஷ்டம், ஆனால் முடிந்தது.

மெட்ராஸில் அதே வேலை இன்னும் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். கொலோடியன் தட்டை ஈரம் காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவி முடித்துவிட வேண்டும். நம்ம வெயிலில் அது சீக்கிரம் காயும். உப்புக்காற்றும் மணலும் அடிக்கிற கரையில் இருட்டுக் கூடாரம் போட்டு இதைச் செய்வது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அதைவிடக் கஷ்டமான காரியங்களை இதே ஆட்கள் செய்திருக்கிறார்கள். டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய கேமராவையும் ரசாயனங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீள ஒரே படமாக்கினார். இவ்வளவு பொறுமை இருந்தவர்களுக்கு அலை எட்டாத காரியம் இல்லை. வேறு ஒன்று குறைந்தது. அலையை யாரும் கேட்கவில்லை.

அதாவது, ஆர்டர் யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். டிரைப்புக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். கேட்டது பழமையான கட்டடங்கள், கல்வெட்டுகள், பார்க்கத் தகுந்த இடங்கள். 1859-இல் கவர்னராக வந்த டிரெவெலியன், இருக்கிற நிதி நிலைமையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்தினார். டிரைப்புக்குச் சற்று முன்னால், 1850களின் தொடக்கத்தில் மெட்ராஸை எடுத்த ஃப்ரெடரிக் ஃபீபிக் தனி ஆள், வியாபாரி. அவர் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி விற்றார். 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடமிருந்து கல்கத்தா, மெட்ராஸ், இலங்கை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 500 படங்களை வாங்கியது. வாங்குகிறவருக்கு வேண்டியது என்ன? தன் கட்டடம், தன் தேவாலயம், தன் தெரு. "பாருங்கள், நாங்கள் கட்டிய ஊர்." அதில் படகுக்காரருக்கு வேலை இல்லை.

நாங்கள் மென்பொருளில் ஒன்று சொல்வோம். பதிவேட்டில் ஒரு பிழை இல்லை என்றால் பிழை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. அதைப் பதியச் சொல்லி யாரும் எழுதவில்லை என்றும் இருக்கலாம். ஆவணக் காப்பகங்களும் அப்படித்தான்.

படகுக்காரர் வந்தபோது எப்படி வந்தார்?

1860, 70களில் மெட்ராஸில் நிக்கோலஸ் மாதிரி வணிக ஸ்டுடியோக்கள் பெருகின. கப்பலேறி ஊருக்குப் போகிற ஆங்கிலேயர் ஆல்பம் வாங்கிப் போவார். இந்த ஆல்பங்களில் கட்டுமரக்காரரும் மசூலா படகும் கடைசியில் வந்துவிடுகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்று கவனியுங்கள்.

படகு மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும். ஆட்கள் அதன் பக்கத்தில் வரிசையாக, துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நிற்பார்கள். கட்டுமரக்காரர் மரத்தையும் துடுப்பையும் வைத்துக்கொண்டு காட்சிப்பொருள் போல நிற்பார். பின்னால் கடல் வெள்ளைத் தீற்றல். கீழே "மசூலா படகு", "கட்டுமரக்காரர்கள்" என்று ஒரு வரி. பெயர் இருக்காது. அதே ஆல்பத்தில் அடுத்த பக்கத்துக் கட்டடத்துக்கு மட்டும் முழுப் பெயர் இருக்கும்.

ஒரு விமர்சகனாக எனக்கு இந்தப் படங்கள்மேல் மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு. மரியாதை ஏன் என்றால், தையல் போட்ட பலகை, துடுப்பின் வட்டமான தட்டு, கயிற்றின் முடிச்சு எல்லாம் இதில் தெளிவாகத் தெரிகிறது. படகு கட்டும் முறையைத் தெரிந்துகொள்ள ஓவியத்தைவிட இது மேல். கோபம் ஏன் என்றால், இவர்களின் திறமை முழுக்க அசைவில் இருந்தது. அசையாதே என்று சொல்லி நிறுத்திய நிமிடத்தில் அவர்களிடமிருந்து அதை எடுத்துவிட்டு, உடம்பையும் உடுப்பையும் மட்டும் படமாக்கியிருக்கிறார்கள். வித்தைக்காரர் "இந்த ஊர் மனித மாதிரி" ஆகிவிட்டார். படத்தைப் பார்க்கிற லண்டன்காரருக்கு இவர் ஏழை, அரை நிர்வாணி. இதே மனிதர் கையில்தான் அவர் மச்சான் உயிரோடு கரை சேர்ந்திருப்பார்.

நகர முடியாதவர்கள்

அசையாமை கேமராவுக்கு வசதி என்பதன் மிகக் கொடுமையான உதாரணம் 1876-78 பஞ்சம். நம்ம பக்கம் இன்றும் தாது வருசப் பஞ்சம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டமும் அதில் அடிபட்டது. மழையை மட்டும் நம்பிய எங்கள் காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் அது என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மெட்ராஸ் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான அந்த முகங்கள் துல்லியமாக விழுந்திருக்கின்றன, ஏனென்றால் அவர்களால் அசைய முடியவில்லை. முப்பது வருடமாக மெட்ராஸ் படங்களில் மங்கலாகவே வந்த சாமானிய மனிதர் முதல்முறையாகத் தெளிவாக விழுவது சாகிற நிலைமையில்தான். இதே ஹூப்பர் 1886-இல் பர்மாவில் மரண தண்டனையைப் படம் எடுக்கக் காட்டிய ஆர்வம் பெரிய கண்டனத்துக்கு ஆளானது. அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் என்னால் பஞ்சப் படங்களைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், அவை இல்லாமல் போயிருந்தால் பஞ்சத்தை மறுப்பது இன்னும் சுலபமாகியிருக்கும் என்பதும் உண்மை.

துறைமுகத்தோடு சேர்ந்த இன்னொரு பஞ்சப் படம் உண்டு. 1877-இல் வந்த அச்சுப் படம். மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிந்திருக்கும். இன்று அது "ஏற்றுமதிக்காகக் குவித்த தானியம்" என்ற குறிப்போடு இணையத்தில் சுற்றுகிறது. அந்த வருடங்களில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போய்க்கொண்டிருந்தது உண்மை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் மெட்ராஸ் கரைக்கு அரிசி வந்து குவிந்ததும் உண்மை. கரையில் கிடக்கிற மூட்டை ஏறப் போகிறதா, இறங்கி வந்ததா? நின்றுபோன ஒரு படத்தால் இதைச் சொல்லவே முடியாது. மூட்டையின் திசை படத்தில் இல்லை. சுங்கக் கணக்கில் இருக்கிறது, ரயில்வே கணக்கில் இருக்கிறது. அரசின் குற்றத்தை நிரூபிக்க இந்த ஒரு படம் தேவையில்லை. இறங்கிய அரிசியை வாங்கக் கையில் காசில்லாமல் ஜனங்கள் செத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு. தப்பான குறிப்போடு படத்தைக் காட்டினால், எதிர்த்தரப்பு அந்தக் குறிப்பை உடைத்துவிட்டுக் குற்றத்தையே உடைத்த மாதிரி பேசும்.

அலை அடங்கிய பிறகு

மெட்ராஸுக்கு முதலில் வந்தது 1861-இல் ஒரு இரும்புப் பாலம், கடலுக்குள் ஆயிரம் அடி போல நீண்ட இறங்குதுறை. அப்புறம் 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டி அணைத்த மாதிரி கான்கிரீட் அலைதாங்கிகள். 1876-இல் தொடங்கியது. பஞ்சமும் துறைமுக வேலையும் ஒரே காலம். அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு 1877-78-இல் பஞ்ச நிவாரணக் கூலிகளால் தோண்டப்பட்டதும் இதே ஊரில்தான். துறைமுக வேலை முடிகிற தறுவாயில் 1881 நவம்பர் 12 புயல் மேல்வரிசைக் கான்கிரீட்டை உள்ளே தள்ளி, இரண்டு டைட்டன் கிரேன்களையும் கடலில் சேர்த்தது. மறுபடி கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புது வாயில் திறந்து, கப்பல் கரையோடு அணைகிற துறைமேடைகளுக்கு வழி செய்தார்.

அதே சமயம் கேமராவும் மாறிக்கொண்டிருந்தது. 1871-இல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் சொன்ன உலர்ந்த ஜெலட்டின் தட்டு 1880களில் கடைச் சரக்காகிவிட்டது. நொடியில் ஒரு பங்கு நேரத்தில் படம் விழும். அலை விழும், துடுப்பு விழும், நடக்கிற கூலியாள் விழுவார். ஆனால் மெட்ராஸில் அதற்குள் துறைமுகக் கைகளுக்குள் அலை அடங்கியிருந்தது. படம் பிடிக்கும் வசதி வந்தபோது, பிடிக்க வேண்டிய வேலை போய்க்கொண்டிருந்தது. 1900க்குப் பிறகு ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் போன்ற கடைகள் விற்ற அஞ்சல் அட்டைகளில் கட்டுமரம் வருகிறது, மசூலா படகு வருகிறது. அப்போது அவை ஞாபகார்த்தச் சரக்கு. ஊரை ஓட்டிய இயந்திரமாக இருந்த நாட்களின் படம் அவற்றில் கிடைக்காது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டுப் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளை எரித்தது. இருட்டில் நடந்த அந்தத் தாக்குதல் எந்தப் படத்திலும் இல்லை. மறுநாள் புகையும் சிதைந்த தொட்டிகளும்தான் அட்டைகளாக விற்றன. செத்தவர்கள், ஊரை விட்டு ஓடியவர்கள் யாரும் அதில் இல்லை. அந்தப் பயத்தைப் படம் காப்பாற்றவில்லை, பேச்சு காப்பாற்றியது. "அவன் பெரிய எம்டன்" என்று கடலே பார்க்காத ஊர்களிலும் சொல்கிறோமே, அதுதான் அந்த ராத்திரியின் ஆவணம்.

இவற்றால் என்ன பயன்?

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, படங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சரியான கேள்வி கேட்டால் இவை அருமையான சாட்சிகள்.

கடற்கரைக் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு முந்தைய படங்களில், இன்றைய ராஜாஜி சாலைக் கட்டடங்களுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் கடல். தெற்கே, இன்று மெரினாவில் பஸ் இறங்கிக் கடலைத் தொட எவ்வளவு நடக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் வருடம் முழுக்கப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்தது. ஸ்பிரிங்கே இந்த மணல் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் பெருமைப்படுகிற மணல் பரப்பும், வடசென்னை மீனவர் இழந்த கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். தேதி தெரிந்த, இடம் அடையாளம் தெரிந்த ஒவ்வொரு பழைய படமும் இதற்கு ஒரு அளவுப் புள்ளி. தூணும் படிக்கட்டும் இன்னும் நிற்பதால் தூரத்தைக் கணக்குப் போட முடியும். அசையாததை நன்றாகப் பதிந்த கேமரா இங்கே நமக்கு உதவுகிறது.

அதனால்தான் இப்போது பரவுகிற இன்னொரு பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு வண்ணமாக்கி, கூர்மையாக்கி, ஆளை நடக்கவைத்து விடுகிறார்கள். என் தொழில்காரர்கள் செய்த கருவி; எப்படி வேலை செய்கிறது என்பதால் சொல்கிறேன். மங்கலான முகத்தை அது தெளிவாக்குவதில்லை. வேறு லட்சம் முகங்களிலிருந்து ஒன்றைக் கற்பனை செய்து அந்த இடத்தில் வைக்கிறது. வெளுத்த கடலுக்கு நீலம் பூசி, இல்லாத சின்ன அலைகளைப் போடுகிறது. ஃபீபிக்கும் வண்ணம் தீட்டினார், டிரைப்பும் மேகம் சேர்த்தார் என்று சொல்வீர்கள். தீட்டியது தீட்டியது என்று அங்கே கிட்டத்தில் பார்த்தால் தெரியும். இங்கே தெரியாது. கரைக்கோடும் ஒரு அடி இரண்டு அடி நகர்ந்துவிட்டால், அளவுப் புள்ளி போச்சு. மாற்றுங்கள், தப்பில்லை. அசலையும் கூடவே வையுங்கள். எந்தக் காப்பகத்துப் படம், என்ன வருடம் என்ற குறிப்பை வெட்டாதீர்கள்.

கவலைக்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. "வெறிச்சென்ற அழகான கடற்கரை" என்ற கற்பனை நம் தலையில் ஏறிவிட்டால், அங்கே வலை உலர்த்துகிறவர் அழகைக் கெடுக்கிறவராகத் தெரிவார். 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்றியபோதும் அதே பார்வைதான் பேசியது. சாலைக்கு முன்பே அங்கே குப்பம் இருந்தது என்று மீனவர் சொன்னால், நமக்குப் பழைய படம் ஞாபகம் வரும்: "அப்பல்லாம் காலியாத்தானே இருந்துச்சு?" காலியாக இல்லை. நிமிடக் கணக்கில் திறந்திருந்த லென்ஸ், நகர்ந்துகொண்டிருந்த மனிதர்களைத் துடைத்துவிட்டது. அந்தத் துடைப்பை நில உரிமைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே அடுத்த முறை ஒரு பழைய துறைமுகப் படம் கையில் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு நேரம் லென்ஸ் திறந்திருந்தது? யார் காசு கொடுத்து எடுக்கச் சொன்னார்கள்? இந்தக் காட்சியை ஓடவைத்த வேலை எது, அது படத்தில் எங்கே? மூன்றாவதற்குப் பதில் பெரும்பாலும் அந்த வெளுத்த மூடுபனிக்குள் இருக்கும்.

எப்போதாவது கல்லிலும் இருக்கும். ராயபுரம் புனித பீட்டர் தேவாலயம் படகுக்காரச் சமூகம் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியது. துறைமுகம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, அலையில் ஒவ்வொரு நடையாகச் சம்பாதித்த காசு அது. வடசென்னைப் பக்கம் போனால் ஒரு எட்டு போய்ப் பாருங்க. கேமராவுக்குப் பிடித்த மாதிரி, அசையாமல்தான் நிற்கிறது.